புதுச்சேரியில் கை நனைக்காதவன்

என் மகன் வெற்றிச்செல்வன் எங்களைப் புதுச்சேரிக்கு மூன்று நாள் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோது, அந்த ஊர்த் தண்ணீர் என் வலது கையைத் தொட மறுத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பண்ருட்டி பலாப்பழ மண்டியில் முப்பத்தாறு வருஷம் ஏலம் கூவியவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இருபத்து நான்கு வருஷமாக இதை நடக்காதபடி சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தை நான் இருபத்து நான்கு வருஷம் கடக்கவில்லை. கண்ணில் புரை விழுந்தபோது எல்லோரும் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல, நான் பஸ் மாறி பஸ் மாறி திருச்சி வரைக்கும் போய் அறுத்துக்கொண்டு வந்தேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும்கூட, டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் மண்டி வாசலிலும் ஒரே கதையைச் சொன்னேன். என் தங்கை பூங்காவனத்தைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம், மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு அங்கே மில்லில் வேலை. அவர்கள் மகள் அமுதவல்லியின் மஞ்சள் நீராட்டுக்கு நான் தாய்மாமனாகப் போய்க் காலைப் பலகாரப் பந்தியில் உட்கார்ந்திருக்க, கலியபெருமாள் முதல் இட்லியை எனக்கு வைக்காமல் பக்கத்து வீட்டு சொல்தாவுக்கு வைத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள். தாய்மாமன் இலை காத்திருக்க எவனோ ஒரு பட்டாளத்தானுக்கு முதல் இட்லி. நான் இலையை விட்டு எழுந்தேன், தெருவில் வந்து நின்று வலது கையைத் தூக்கினேன், உன் வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வீட்டோடு போயிருக்கும், ஆனால் கோபத்தில் வாய் பெருத்து, “இந்த ஊர்த் தண்ணியிலயே இனிமே கை நனைக்க மாட்டேன்” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கலியபெருமாள் செத்துப்போனான். என் மனைவி விருத்தாம்பாள் மட்டும் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் அன்றைக்கு மண்டியில் நின்று வழக்கத்தைவிடச் சத்தமாக ஏலம் கூவினேன்.

இப்படிப்பட்டவன் எப்படிப் போனான் என்றால், மருமகள் சுடர்விழி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போனேன். ரூம் எல்லாம் போட்டாகிவிட்டது மாமா, நாம ஊரைத்தானே பாக்கப் போறோம், வீட்டையா பாக்கப் போறோம் என்றாள். ஓட்டல் வீடு ஆகாது என்று நானும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் உயரமான சன்னலும் வைத்த ஒரு பழைய விடுதியில் இறங்கினோம். முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்து கையை நீட்டினேன். தண்ணீர் வகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்து, என் கையின் இரண்டு பக்கமும் ஒழுகிக் கீழே போய் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது. கையைத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. வாளியில் அமுக்கினேன், வாளித் தண்ணீரில் என் கை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. துண்டு கொடுக்க வந்த விடுதிக்காரர் கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, துண்டைக் கட்டிலில் வைத்து, “எந்த வீடு சார்?” என்று கேட்டார்.

எங்கள் ஊரில் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். இங்கே அப்பப்போ இப்படி ஆட்கள் வருவதுதான் என்றும், கரண்டியால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், கரண்டியும் காய்ந்துபோகும் என்றும், பிரெஞ்சு ரொட்டி நன்றாக இருக்கும் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குத் துண்டு கொடுக்கப் போனார்.

மத்தியானம் வெற்றி எங்களைப் பேர்பெற்ற ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனான். வஞ்சிரம் மீன் குழம்பும் பூண்டு போட்டு வறுத்த இறாலும் வந்தன. சோற்றில் கை வைத்தேன். குழம்பு ஊற்றிய சோறு என் விரல்களை விட்டு விலகி இலை ஓரத்தில் மேடு கட்டிக்கொண்டது, விரல் நகர நகர மேடும் நகர்ந்தது. இடது கையால் சாப்பிட என் மனசு ஒப்பவில்லை. விருத்தாம்பாள் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தன் இலையைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு ஊட்டினாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவள் எனக்கு ஊட்டியதில்லை, நானும் அவளுக்கு ஊட்டியதில்லை. வெள்ளைக்காரர்களும் வடக்கத்தியர்களும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள், நான் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினேன். கடைக்காரர் வந்து, ராத்திரிக்கும் வருவீர்களா, வந்தால் தூண் மறைவில் மேசை போட்டு வைக்கிறேன், அங்கே அம்மா உங்களுக்கு ஊட்ட வசதியாக இருக்கும் என்றார். சுடர்விழி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சிரிக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

ஊர் சுற்றினோம். மணக்குள விநாயகர் கோவிலில் தீர்த்தம் கொடுத்த ஐயர், என் உள்ளங்கையில் விழாமல் தெறித்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் செய்கிறவர் மாதிரி என் தலையில் தெளித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். கடற்கரையில் பாறைமேல் உட்கார்ந்து கையைக் கீழே விட்டேன், அலை வந்தது, என் கைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது, யோசித்தது போலத் திரும்பிப் போனது. அதற்குள் விஷயம் எங்களுக்கு முன்னால் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் தூறல் போட்டபோது ஒரு மீன்காரம்மா வந்து, அடுப்பு பற்ற வைக்கிற வரைக்கும் கையை மேலே பிடிச்சிக்க அண்ணாச்சி என்றாள், பிடித்தேன், என் உள்ளங்கை அளவுக்கு மழை விலகியது, அடுப்பு பற்றியது. சலவைக்காரர் ஒருவர் அவசரமாகக் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து என் கையால் தடவச் சொன்னார், தடவிய இடமெல்லாம் ஈரம் ஓடிக் காய்ந்தது. குழாய் வேலை செய்கிற ஒருவர் தெருவில் வெடித்திருந்த குழாயைக் காட்டி, பத்து நிமிஷம் உள்ளே கை விட்டுக்கொண்டு நின்றால் தான் அதற்குள் மூட்டு போட்டுவிடுவேன் என்றார். நின்றேன். முடிந்ததும் அவர், இன்னும் ரெண்டு நாள் இருப்பீங்களா சார், கோவிந்தசாலையில ஒரு லைன் கெட்டிருக்கு என்றார்.

ஒவ்வொருத்தரும் வேலை முடிந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டார்கள், எந்த வீடு என்று. நானும் முதல் இட்லிக் கதையைச் சொன்னேன். பண்ருட்டியில் இந்தக் கதைக்கு எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். இங்கே யாரும் கொட்டவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்கள், இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள், வராததால் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் குளிக்கும்போது முதுகு தேய்க்க வந்த விருத்தாம்பாள்தான் பார்த்தாள். காலையில் மணிக்கட்டு வரைக்கும் இருந்த வறட்சி முழங்கையைத் தாண்டியிருந்தது. தண்ணீர் தோளில் விழுந்து முழங்கைக்கு மேலேயே நின்று திரும்பியது.

வெற்றி என் மனசை மாற்றலாம் என்று நினைத்தானோ என்னவோ, எல்லோரையும் ஒரு பாருக்குக் கூட்டிப் போனான். மாடியில் செடிகொடியெல்லாம் வைத்து, குடும்பத்தோடு உட்காரலாம் என்று எழுதிப் போட்ட இடம். சுடர்விழி பழச்சாறு சொன்னாள். விருத்தாம்பாள், வந்ததுக்கு நானும் ஒரு வாய் பாத்துடறேன் என்று மகனின் பீரில் ஒரு முழுங்கு குடித்துவிட்டு, வேப்பங்கொழுந்து கஷாயத்தை இன்னாத்துக்குடா காசு குடுத்து குடிக்கிறீங்க என்றாள். எனக்கு வைத்த கண்ணாடிக் குவளையை நான் பிடித்ததும் உள்ளே இருந்த பீர் என் விரல் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக ஏறிச் சாய்ந்து நின்றது. பரிமாறுகிறவர் என் வயசுக்காரர், சவரிராயன் என்று பேர். அவர் குவளையை வாங்கி வைத்துவிட்டு என் சட்டைக் கையை மடித்துப் பார்த்தார்.

திண்டிவனத்துக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் வந்ததாம். மருமகன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஊர்ப்பேரைச் சேர்த்துச் சொல்லிவிட்டவர். தோள் வரைக்கும் வந்த பிறகும் ரோஷத்தோடு பொறுத்துப் பார்த்தார், கழுத்துக்கு வந்ததும் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை, அப்புறம் ஆட்டோ பிடித்து மருமகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், சரியாகிவிட்டது. வெற்றி உடனே காரை எடுக்கிறேன், விடியறதுக்குள்ள ஊருக்குப் போயிடலாம் என்றான். சவரிராயன் மிக்சர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி, எல்லை தாண்டினாலும் கூடவே வரும் தம்பி, ஆரம்பிச்சா விடாது என்றார்.

நாளைக்குக் காலையில் அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று வெற்றி முடிவு செய்தான். விருத்தாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர்களுக்கு என் ரோஷத்தைப் பற்றித்தான் கவலை. எனக்குக் கவலை ரோஷமில்லை. அந்த மாடியிலிருந்து கீழே தெரிந்த தெருவை எனக்குத் தெரியும்.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை இந்த இடத்தில் எழுதிவிட வேண்டும். மஞ்சள் நீராட்டுக்கு முந்தின நாளே நான் புதுச்சேரிக்கு வந்திருந்தேன், மண்டி நண்பன் ஒருவனோடு. கையில் ஒரு பையில் அமுதவல்லிக்கு எடுத்த அரக்குப் பட்டுச்சேலை இருந்தது. தண்ணீர் ஊற்றிய பிறகு பெண் கட்டுவது தாய்மாமன் கொண்டுவரும் சேலையைத்தான், அது வராமல் அவள் மணையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. ஊர் பார்க்கலாம் என்று கிளம்பி, இந்தத் தெருவில் ஒரு கடையில் குடித்து, அடுத்த கடையில் குடித்து, எத்தனை கடை என்று தெரியாத அளவுக்குக் குடித்து, விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கண் விழித்தபோது பை இல்லை. எந்தக் கடையில் விட்டேன் என்று தெரியவில்லை. கையை வீசிக்கொண்டு போய்ப் பலகாரப் பந்தியில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், சேலை எங்கே என்று கேட்பார்கள். அப்போது கலியபெருமாள் முதல் இட்லியை சொல்தா இலையில் வைத்தான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் காலை வறட்சி தோளுக்கு வந்துவிட்டது. பல் விளக்கி வாய் கொப்பளித்தபோது உதடு காய்ந்தே இருந்தது. முத்தியால்பேட்டைக்குப் போனோம்.

பூங்காவனம் அழவில்லை, கத்தவில்லை. நேற்று வந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி வா ண்ணா என்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நாங்கள் வருவது தெருவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகள்கூடப் போட்டிருந்தார்கள். சுவரில் கலியபெருமாள் போட்டோ, பக்கத்தில் அமுதவல்லி நின்றாள். முப்பத்தேழு வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி, கையில் தண்ணீர்ச் செம்பு. வாங்க மாமா என்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடத்தில் முதல் இலையை எனக்குப் போட்டார்கள். முதல் இட்லியை பூங்காவனம் தன் கையால் எனக்கு வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் இட்லியைத் தொட்டேன், சாம்பார் நழுவி இலையின் நுனிக்கு ஓடியது. வாசலில் ஒருவர், வீட்டுச் சாப்பாட்டுக்கும் இறங்கலியே என்று மெல்லச் சொன்னார். வெற்றியின் முகம் வெளிறிவிட்டது. பூங்காவனம் என்னைக் கேட்டாள்.

“முதல் இலையும் போட்டாச்சு. இன்னும் இன்னா குறை வெச்சிட்டேன், சொல்லு ண்ணா.”

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் இருந்தவர்கள் வழிவிட, சொல்தா தம்புசாமி வந்தார். தொண்ணூறைத் தாண்டிய மனுஷன், இரண்டு கையிலும் ஊன்றுகோல். நடந்து வந்து என் இலைக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, அன்னிக்கு உன் இலைக்கு முன்னாடி என் இலைக்கு வாங்கினது என் தப்பு. அதுக்கப்புறம் எந்தப் பந்தியிலயும் நான் கடைசியாதான் உக்காந்திருக்கேன். என் சொந்தப் பேத்தி கல்யாணத்துல கூட. மனசுல வெச்சிக்காத.”

சொல்லிவிட்டுக் கோல்களைச் சுவரில் சாத்தினார். என் காலைத் தொடக் குனிந்தார்.

முதுகு பாதிதான் வளைந்தது, கை காற்றில் துழாவியது. நான் எழுந்து அவரைப் பிடித்தேன். இருபத்து நான்கு வருஷம் நான் டீக்கடையில் சொன்ன கதையை இந்தக் கிழவர் தன் தலையில் சுமந்து, பந்தி பந்தியாகக் கடைசியில் உட்கார்ந்து ஆறிப்போனதைச் சாப்பிட்டிருக்கிறார். பிடித்த கையை விடாமலே சொன்னேன், சுவரில் இருந்த போட்டோவைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“நான் இட்லிக்கு எழுந்திருக்கல. குடிச்சிட்டு, புள்ளைக்கு எடுத்த சேலைய எங்கயோ விட்டுட்டேன். கேப்பாங்கன்னு பயந்து, இட்லிய சாக்கு வெச்சி ஓடிட்டேன்.”

விருத்தாம்பாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பூங்காவனம் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செம்போடு நின்ற அமுதவல்லிதான் பேசினாள்.

“தெரியும் மாமா.”

அன்றைக்குத் தன் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடிப் போனதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள் என்றாள். அவர் என் வாயில் வந்த வாடையையும் வெறுங்கையையும் பார்த்துவிட்டு, சாராயக் கடை சாராயக் கடையாகப் போய்ச் சேலையைத் தேடியிருக்கிறார். கண்டுபிடித்துக் கொண்டுவரும்போது மத்தியானம் மூன்று மணி. அதுவரைக்கும் அவள் ஈரத்துணியோடு மணையில் உட்கார்ந்திருந்தாள், பல் கிட்டித்தது, எழுந்திருக்க விடவில்லை. மாமன் கோபத்திலும் சீரைக் கொடுத்துவிட்டுத்தான் போனான் என்று கலியபெருமாள் சேலையைத் தட்டில் வைத்து ஊருக்குக் காட்டினார். முதல் இட்லியை மாற்றி வைத்தது தன் தப்பு என்று எல்லோரிடமும் கையெடுத்தார். சேலையைக் கட்டும்போது அதில் அடித்த நாற்றத்தை வைத்து அவள் கேட்டபோது, அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

“யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா உங்க மாமன் வெக்கத்துல இந்த ஊருக்கே வரமாட்டான்னாரு. நீங்க அப்பவும் வரல. அவரு செத்தப்பவும் வரல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கிட்டே வந்து என் கையைப் பிடித்து வாசல் பக்கம் நீட்டி, செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. விரல் இடுக்கில் இறங்கியது, மணிக்கட்டில் வழிந்தது, சட்டைக் கையை நனைத்துக்கொண்டு மேலே தோள் வரைக்கும் குளிர் ஏறியது. செம்பு காலியாகும் வரைக்கும் ஊற்றிவிட்டு, சாப்பிடுங்க என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை.

வாசலில் இருந்தவர்கள் எழுந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டு, இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். சொல்தாவை என் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் அவருக்கு வைக்கச் சொன்னேன். அவர் முடியாது, மாமனுக்கு முதலில் என்றார். இரண்டு பேரும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்க, பூங்காவனம் ரெண்டு கிழங்களும் பட்டினி கிடங்க என்று திட்டிவிட்டு, இரண்டு கையிலும் இட்லி எடுத்து ஒரே நேரத்தில் இரண்டு இலையிலும் வைத்தாள். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். சுடர்விழி வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள், அன்றைக்கு அவள் என் இலையில் சாம்பார் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே ஊர் திரும்பினோம். வழியில் கையைத் துண்டால் துடைத்தேன், மறுபடியும் நனைந்திருந்தது. வெயிலில் காட்டினேன், அடுப்பில் காட்டினேன், சொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது எட்டு மாதம் ஆகிறது. மண்டியில் பழகிவிட்டார்கள், என் பக்கத்தில் காகிதம் எதுவும் வைப்பதில்லை, சீட்டு எழுத வேண்டுமென்றால் நான் சொல்ல வேறு யாராவது எழுதுகிறார்கள். இதைக்கூட இடது கையால்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். யாராவது கையைப் பார்த்து என்ன என்று கேட்டால் இப்போது உள்ளபடி சொல்கிறேன், கேட்டவர்கள் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

விருத்தாம்பாள் மட்டும் தினமும் ஒரு தடவை, துடைச்சி விடட்டுமா என்று துண்டோடு வருவாள். வேண்டாம் என்பேன். அந்தப் பெண் மூன்று மணி வரைக்கும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்னும் மூன்று மணி ஆகவில்லை.